உலகமே கொண்டாடும் கேம் எனக்கு ‘பரவாயில்லை’: என்னில் ஏதும் குறையா?

வெள்ளவத்தையில் இருந்து 26 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டு அதன் சாரத்தைத் தருகிறேன்.

அவர் கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். அம்மா, தங்கையுடன் இருக்கிறார். கனடாவில் இருக்கும் பெரியம்மா மகன், இவருக்கு அண்ணா முறை, நிண்டெண்டோ சுவிட்ச் என்ற கேம் கருவி ஒன்றையும் ‘த லெஜன்ட் ஒஃப் செல்டா: பிரெத் ஒஃப் த வைல்ட்’ என்ற கேமையும் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். “இதை விட நல்ல கேம் உலகத்தில் இல்லை, விளையாடிப் பார், வாழ்க்கையே மாறும்” என்று சொல்லித்தான் அனுப்பினாராம். தம்பி 60 மணித்தியாலம் போல விளையாடிவிட்டார். கேமில் வரும் ‘தெய்வ மிருகங்கள்’ என்ற நான்கு பிரமாண்ட இயந்திரங்களில் மூன்றை விடுவித்தும் விட்டார். அவருடைய முடிவு: “நல்ல கேம்தான். ஆனால் அவ்வளவுதான்.”

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணா வாட்ஸ்அப்பில் அழைத்து, எதுவரை போய்விட்டாய் என்று கேட்கிறார். இவரோ யூடியூப்பில் மற்றவர்கள் விளையாடியதைப் பார்த்து, அந்தப் பரவசத்தைத் தன்னுடையதாகச் சொல்லிச் சமாளிக்கிறார். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது ஒரு நண்பர் “உனக்கு ரசனையே இல்லை மச்சான்” என்றாராம். இன்னொருவர் போனில் எதையோ தேடி, எதையும் அனுபவிக்க முடியாமல் போவது மனச்சோர்வின் அறிகுறி என்று வாசித்துக் காட்டியிருக்கிறார். அம்மா வேறு, மகன் கேமுக்கு அடிமையாகிவிட்டான் என்று பயப்படுகிறார். இதற்கிடையில் அதே கேமின் இரண்டாம் பாகத்தையும் யாரிடமாவது கொடுத்தனுப்ப அண்ணா ஆயத்தமாகிறார்.

“எனக்கு ஏதும் வருத்தமா? கேம் விளையாடும் வயது போய்விட்டதா? அண்ணாவிடம் என்ன சொல்வது? பேசாமல் சுவிட்சை விற்றுவிடவா? இந்தக் கேமை முடிக்கத்தான் வேண்டுமா?” இவைதான் கேள்விகள்.

அன்புத் தம்பிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தக் கேம் மிகவும் பிடிக்கும். மகனுடன் உட்கார்ந்து மாதக் கணக்கில் விளையாடியிருக்கிறேன். நீங்கள் ‘பரவாயில்லை’ என்று எழுதியதை வாசித்தபோது எனக்குக் கோபமும் வரவில்லை, உங்களில் பிழை இருப்பதாகவும் தோன்றவில்லை. ஒரு படைப்பை 60 மணித்தியாலம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, ‘நல்லது, ஆனால் என்னை ஆட்கொள்ளவில்லை’ என்று சொல்வது முழுமையான பதில். அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் கடிதத்தில் இரண்டு மூன்று விடயங்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

இது மனச்சோர்வா?

உங்கள் நண்பர் வாசித்துக் காட்டியது பொய்யல்ல, பாதி உண்மை. வழக்கமாக மகிழ்ச்சி தரும் விடயங்களில் நாட்டம் குறைவது மனச்சோர்வின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்றுதான். ஆனால் மனநலத் துறையில் நாங்கள் பார்ப்பது ஒரு கேமில் வரும் சலிப்பை அல்ல. குறைந்தது இரண்டு வாரமாவது, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்து கிடக்கிறதா, அல்லது எதிலுமே பிடிப்பில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். அதோடு நித்திரை, பசி, களைப்பு, கவனம், தன்னைத் தானே குறை கூறுவது, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் கேட்போம். வேலையும் வீட்டு வாழ்க்கையும் இவற்றால் குழம்பியிருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

நீங்கள் எழுதியதைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். மழைக்குள் கேமின் நாயகன் லிங்க் இரும்பு வாளோடு நிற்க, வாளில் பொறி பறக்கத் தொடங்க, என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் மின்னல் விழுந்து அவன் செத்துப்போனான். பக்கத்தில் இருந்த தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நீங்களும் சிரித்துவிட்டு, அடுத்த மழையில் எல்லா இரும்பையும் கழற்றி வைத்துவிட்டு, மர ஆயுதத்தோடு வேண்டுமென்றே வெளியே போய்ப் பார்த்தீர்கள். இதை ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்காகக் காலையில் தானாகவே எழும்புவதையும் எழுதியிருக்கிறீர்கள். மகிழும் திறன் போன ஒருவரின் கடிதமாக இது எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஒரு வரியை நான் சும்மா கடந்துபோக மாட்டேன். “மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாட்களில் வீட்டுக்கு வந்தால் யாரோடும் கதைக்கவே மனம் வருவதில்லை, அது இப்போது மாதத் தொடக்கத்துக்கும் நீண்டுவிட்டது” என்கிறீர்கள். இது வேலைக் களைப்பாக இருக்கலாம். களைத்த மூளைக்கு, தானாக வழிதேடி அலையச் சொல்லும் ஒரு கேம் இன்னொரு வேலை போலத் தெரிவதும் இயல்பு. ஆனால் அடுத்த இரண்டு வாரமும் கொஞ்சம் கவனியுங்கள். கிரிக்கெட்டும் பிடிக்காமல் போய், தங்கையின் பேச்சும் எரிச்சலாகி, நித்திரையும் குழம்பினால் குடும்ப வைத்தியரிடம் போய் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். கேமைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உயிர் வாழ்வதில் விருப்பமில்லை என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அன்றைக்கே அழையுங்கள்.

அம்மாவின் பயத்துக்கும் ஒரு பதில். கேம் அடிமைத்தனம் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டுப்பாடு கைவிட்டுப் போக வேண்டும், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு கேம் முன்னுக்கு வர வேண்டும், கெடுதி நடக்கிறது என்று தெரிந்தும் தொடர வேண்டும். அதுவும் வழக்கமாக ஒரு வருடமாவது நீடிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம், அதுவும் பாதி மனதோடு விளையாடுபவர் அந்தப் பட்டியலுக்குக் கிட்டவும் வரமாட்டார். அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

97 புள்ளி என்றால் என்ன

“மெட்டாகிரிட்டிக்கில் 97 எடுத்த கேம் எனக்குப் பிடிக்கவில்லை என்றால் பிழை என்னில்தானே” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு பிழை, தம்பி. கணக்குப் பிரிவில் வேலை செய்யும் உங்களுக்கு இது சட்டென விளங்கும். மெட்டாகிரிட்டிக் என்பது விமர்சனங்களைத் திரட்டும் இணையத்தளம்; 97 என்பது விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண்களின் சராசரி. எழுதியவர்களில் மிகப் பெரும்பாலானோர் மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள் என்பதை அது சொல்கிறது. விளையாடும் ஒவ்வொருவரும் 97 அளவுக்கு மகிழ வேண்டும் என்று சொல்லவில்லை. விமர்சகர் என்பவர் வருடத்துக்குப் பல கேம்களை வேலையாக விளையாடுபவர். அவருக்குப் புதுமை பெரிய விடயம். இரவு ஒன்பது மணிக்குக் களைப்போடு கொன்ட்ரோலரைக் கையில் எடுக்கும் ஒருவருடைய நிறுவைகள் வேறு.

கூட்டத்தின் விருப்பம் எங்கள் விருப்பத்தை எப்படி இழுக்கிறது என்பதற்கு நல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்டது. பெயர் தெரியாத இசைக் குழுக்களின் 48 பாட்டுகளை 14,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து, அந்தந்தக் குழுவில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கியிருக்கிறார்கள் என்பதையும் காட்டினார்கள். அதே பாட்டு ஒரு குழுவில் முதலாம் இடத்துக்கும் இன்னொன்றில் 40ஆம் இடத்துக்கும் போனது. மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்குப் போவது அரிது, மோசமானவை உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் எதுவும் நடக்கலாம்.

இதை வைத்து, அந்தக் கேம் வெறும் ஆரவாரத்தால் உயர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அது எதிர்ப்பக்கப் பிழை. மின்னல் இரும்பைத் தேடி வருவதும், புல்லில் நெருப்பு வைத்தால் சூடான காற்று மேலெழுந்து உங்களைத் தூக்குவதும், கண்ணுக்குத் தெரியும் மலையில் எல்லாம் ஏற முடிவதும் ஒன்றோடொன்று பொருந்தும்படி கட்டியது பெரிய உழைப்பு. அந்தப் புகழ் நியாயமாகக் கிடைத்த புகழ். அதே நேரம் உங்களுக்கு அது ‘நல்ல கேம்’ என்ற அளவில் நின்றதும் நியாயம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒன்றை வெல்ல வைக்க மற்றதைத் தோற்கடிக்க வேண்டியதில்லை.

நீங்கள் இந்தக் கேமுக்கு எப்போது வந்தீர்கள்?

கடிதத்தில் போகிற போக்கில் சொன்ன ஒரு விடயம் எனக்கு முக்கியமாகப் பட்டது. லொக்டவுன் காலத்தில் போனில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ நிறைய விளையாடினீர்களாம். அது 2020 செப்டெம்பரில் வந்தது. மலையேறுவது, ஏற ஏறத் தெம்பு குறைவது, உச்சியில் இருந்து காற்றில் மிதந்து இறங்குவது என்று, ‘பிரெத் ஒஃப் த வைல்ட்’ பாதிப்பு அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அண்ணா செல்டாவை விளையாடியது அது வந்த 2017இல். அதற்கு முன் அவர் பார்த்த திறந்தவெளி கேம்களில் வரைபடம் முழுக்கக் குறிகள் கொட்டிக் கிடக்கும். குறியில் இருந்து குறிக்கு ஓடுவதே வேலை. இதிலோ உயரமான கோபுரத்தில் ஏறினாலும் நிலப்பரப்பின் வரைபடம் மட்டும்தான் திறக்கும். எங்கே போவது என்பதை உங்கள் கண்ணால் பார்த்து நீங்களே தீர்மானிக்க வேண்டும். அண்ணாவுக்கு அந்தச் சுதந்திரம் அதிர்ச்சியாக இருந்திருக்கும். நீங்களோ அதே சுதந்திரத்தை, அதன் வாரிசுகளிடம் இருந்து, முன்பே பழகிவிட்டு வந்தவர். அவர் கண்ட புதுமை உங்களுக்குக் கிடைக்க வாய்ப்பே இல்லை. இதில் யாருடைய குற்றமும் இல்லை.

இன்னொன்று, நீங்கள் விரும்புவது கதை. பிடித்த கேம்கள் என்று எழுதியவை எல்லாமே ஒரு கதையைக் கையைப் பிடித்து நடத்திப்போகிறவை. இந்தக் கேமில் கதை சிதறிக் கிடக்கிறது. லிங்க்கின் பழைய நினைவுகள் நாட்டின் மூலை முடுக்கில் இருக்கும்; தேடிப் போனால்தான் கிடைக்கும், வரிசை மாறியும் கிடைக்கும். வெளியில் அலையும்போது இசைகூட எப்போதாவது விழும் சில பியானோ சுரங்கள்தான். அந்த வெறுமைதான் எனக்குப் பிடித்தது. உங்களுக்கு அது காலியாகத் தெரிந்திருக்கிறது. ஆயுதங்கள் உடைந்துபோவதைப் பற்றி நீங்கள் எழுதிய முறைப்பாடு பலரும் சொல்வதுதான். ஆசையாகக் கண்டெடுத்த வாள் நாலு சண்டையில் நொறுங்கினால் எரிச்சல் வரத்தான் செய்யும், எனக்கும் வந்தது.

அப்புறம் வயது. 26 வயதில் கேம் விளையாடும் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். நேரம்தான் குறைந்திருக்கிறது. இந்தக் கேமில் ஒரு மணித்தியாலம் என்பது ஒரு மலையில் ஏறத் தொடங்கி, பாதியில் மழை வந்து வழுக்கி, வேறு வழி தேடுவதற்குள் முடிந்துவிடும். பள்ளிக்கூட விடுமுறையில் இருக்கும் ஒருவருக்கு அது சுகம். காலையில் கொழும்புக் காலி வீதி நெரிசலில் பஸ் பிடிக்க வேண்டியவருக்கு நேரம் வீணாய்ப்போனது போல இருக்கும்.

அண்ணாவிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்

உங்கள் மனதை உண்மையில் அரிப்பது சனிக்கிழமை அழைப்புதான் என்று நினைக்கிறேன். வெள்ளிக்கிழமை இரவே யூடியூப் பார்த்து ஆயத்தமாவதாக எழுதியிருக்கிறீர்கள். பொழுதுபோக்குக்கு வந்த ஒரு பொருள் வாராந்தப் பரீட்சையாக மாறிவிட்டது. அந்த நிலையில் எந்தக் கேமை வைத்தாலும் இனிக்காது.

உண்மையைச் சொன்னால் அண்ணாவின் மனம் நோகும் என்பது உங்கள் ஊகம். நோகலாம், கொஞ்சம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர் எதற்காக ஒவ்வொரு வாரமும் அழைக்கிறார்? அங்கே குளிரில் இரண்டு வேலை செய்துகொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சின்ன வயதில் உங்களோடு ஒன்றாக விளையாடியவர், இப்போது உங்களோடு கதைக்க ஒரு வழியாக இந்தக் கேமைக் கண்டுபிடித்திருக்கிறார். அவருக்கு வேண்டியது நீங்கள். கேமுக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பெண் அல்ல. இரவல் பரவசத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அவர் உங்களோடு கதைக்கவில்லை, யாரோ ஒரு யூடியூப்காரரோடு கதைக்கிறார். என்றைக்காவது தெரியவந்தால் அதுதான் நோகும்.

இரண்டாம் பாகம் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ‘டியர்ஸ் ஒஃப் த கிங்டம்’ 2023 மே மாதம் வந்தது. அதே ஹைரூல் நாடு, மேலே வானத்தீவுகள், கீழே பாதாளம் என்று இன்னும் பெரியது. பொருட்களை ஒட்டி வண்டியும் பாலமும் கட்டலாம். ஆனால் ஆயுதம் அதிலும் உடையும், அலைச்சல் அதிலும் உண்டு. முதல் பாகத்தில் உங்களுக்கு ஒட்டாதவை பெரும்பாலும் அங்கேயும் இருக்கும். அண்ணா காசு செலவழித்து, ஆள் தேடிக் கொடுத்தனுப்பிய பிறகு சொல்வது இன்னும் கஷ்டம்.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்க வேண்டாம். நீங்கள் வழக்கமாகக் கதைக்கிற மாதிரியே: “அண்ணா, நீங்கள் அனுப்பின கேம் நல்லா இருக்கு. ஆனா நீங்கள் சொன்ன அளவுக்கு எனக்கு ஒட்டேல்லை. அதைச் சொன்னா நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டுதான் இவ்வளவு நாளும் சமாளிச்சனான். மின்னல் அடிச்ச கதை ஒண்டு இருக்கு, அது சொந்த அனுபவம், அதைக் கேளுங்கோ. உங்களுக்கு எந்த இடம் பிடிச்சது?” கடைசிக் கேள்வி முக்கியம். அவருடைய ரசனையைக் கேட்கும்போது, ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பது அவரைக் குறைத்துச் சொன்னதாக ஆகாது. கேமின் குறைகளை வரிசைப்படுத்தி வாதாட மட்டும் போகாதீர்கள். நீங்கள் வழக்கில் நிற்கவில்லை.

அலுவலக நண்பருக்கு இவ்வளவு விளக்கம் வேண்டாம். “எனக்கு அவ்வளவாப் பிடிக்கேல்லை மச்சான்” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடியுங்கள்.

விற்பதும் முடிப்பதும்

அன்பளிப்பாகத் தந்த பொருள் உங்களுடையது. விற்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக இருக்கிறது. ஆனால் அண்ணாவிடம் சொல்லாமல் இக்மன் விற்பனைத் தளத்தில் போட வேண்டாம். ஒரு மறைப்பை இன்னொரு மறைப்பால் மூடுவது போலாகிவிடும். அதை விட, தங்கைக்கு அந்த விளையாட்டில் ஆர்வம் இருப்பது உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் தெரிகிறது. சுவிட்சில் அவளுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்துவிடுங்கள். அவள் முதலில் இருந்து தொடங்கலாம், நீங்கள் சேமித்து வைத்திருப்பது அப்படியே இருக்கும். உங்களுக்குப் பிடித்த மாதிரி, கதை நடத்திப்போகும் கேம் ஒன்றை அதே சுவிட்சில் பார்க்கவும் செய்யலாம். முடிந்தால் சுவிட்சில் செருகும் கார்ட்டாக வாங்குங்கள். பிடிக்காவிட்டால் கைமாற்றிவிடலாம், இணையத்தில் இறக்கும் பதிப்பை அப்படி விற்க முடியாது. கடன் அட்டையில் அடுத்தடுத்து வாங்கி, ‘எது என்னைப் பரவசப்படுத்தும்’ என்று தேடப் போகாதீர்கள். அந்தத் தேடலில் காசுதான் கரையும்.

முடிக்காமல் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். 60 மணித்தியாலத்துக்குப் பிறகு தாராளமாக இருக்கிறது. இந்தக் கேமைச் செய்தவர்களே முழுவதையும் முடிக்கும்படி யாரையும் வற்புறுத்தவில்லை. 120 ஷ்ரைன்கள் என்ற சிறு சவால் கூடங்கள், நாடு முழுக்க ஒளித்து வைத்த 900 கொரொக் விதைகள் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். 900 விதையையும் பொறுக்கி முடித்தவருக்குக் கிடைக்கும் பரிசால் விளையாட்டில் ஒரு பயனும் இல்லை. விதைகளை வாங்கிக்கொள்ளும் ஹெஸ்ட்டு என்ற பாத்திரம் நீங்கள் விரும்பிய நேரத்தில் ஆடிக் காட்டும், அவ்வளவுதான். வழியில் கண்ணில் பட்டதை எடுத்தால் போதும் என்பதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஆக, உங்கள் மனம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முடிவு என்ன என்று அறியும் ஆசை இருந்தால், நான்காவது மிருகத்தைக் கட்டாயம் விடுவித்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை. ஆரம்பப் பீடபூமியை விட்டு இறங்கிய நிமிடத்தில் இருந்தே ஹைரூல் கோட்டைக்குள் போய் கடைசிச் சண்டையைத் தொடங்க இந்தக் கேம் அனுமதிக்கிறது. மூன்றை விடுவித்துவிட்ட உங்களுக்கு அது எட்டாத வேலை அல்ல. நல்ல ஆயுதமும் கொஞ்சம் சமைத்த சாப்பாடும் சேர்த்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை பின்னேரம் போய்ப் பாருங்கள். அந்த ஆசை இல்லையென்றால், இருக்கும் இடத்தில் சேமித்துவிட்டு கார்ட்டைக் கழற்றித் தங்கையிடம் கொடுங்கள்.